முன்கூட்டிய ஓய்வு: இடைப்பட்ட ஆண்டுகளின் கணக்கு

நாட்டின் மிகப் பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனமான டி.சி.எஸ்., தன் பணியாளர்களில் ஏறத்தாழ 2 சதவீதத்தினரை, அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாகவும், அவர்களில் பெரும்பாலோர் இடைநிலை, மேல்நிலைப் பொறுப்புகளில் இருப்பவர்கள் என்றும் 2025 ஜூலையில் அறிவித்தது. அதன் பிறகு, ஐம்பது வயதை ஒட்டிய பணியாளர்களின் வீடுகளில் ஒரு கேள்வி ஓயாமல் பேசப்படுகிறது. நிர்வாகம் அழைத்துச் சொல்லும்வரை காத்திருப்பதா, அல்லது கௌரவமாகத் தாமே முன்னதாக விலகிவிடுவதா?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலான குடும்பங்கள் ‘மொத்தமாக எவ்வளவு கைக்கு வரும்?’ என்ற ஒரே கணக்கால் தீர்க்கப் பார்க்கின்றன. அந்தக் கணக்கு போதாது. ஓய்வூதியம், மூத்த குடிமக்கள் சேமிப்பு, இலவச மருத்துவக் காப்பீடு என்று இந்தியாவில் முதுமைக்கென உள்ள ஏற்பாடுகள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வயதில்தான் தொடங்குகின்றன என்பதால், வேலையை விடும் நாளுக்கும் அந்த வயதுகளுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளை எதைக் கொண்டு கடப்பது என்பதே முடிவைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வியாகும்.

ஒரே பெயர், இரு வேறு நிலைமைகள்

விருப்ப ஓய்வு என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவுக்கு வருவது பி.எஸ்.என்.எல். நிறுவனம் 2019-இல் நடத்திய திட்டமாகும். நவம்பர் 4 முதல் டிசம்பர் 3 வரை ஒரு மாதம் மட்டுமே திறந்திருந்த அத்திட்டத்தில், 50 வயதைக் கடந்த ஊழியர்களில் 78,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்து, 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் பணியிலிருந்து விலகினர். முடித்த பணிக்காலத்தில் ஆண்டுக்கு 35 நாள் ஊதியம், எஞ்சிய பணிக்காலத்தில் ஆண்டுக்கு 25 நாள் ஊதியம் என்ற வீதத்தில் அவர்களுக்குக் கருணைத் தொகை கணக்கிடப்பட்டது.

அவர்களில் பெரும்பாலோர் தொலைத்தொடர்புத் துறையிலிருந்து அந்நிறுவனத்துக்கு மாற்றப்பட்டவர்கள் என்பதால், கருணைத் தொகைக்கு அப்பால் அரசு ஓய்வூதியமும் அவர்களுக்கு உறுதியாக இருந்தது என்பது பலரின் நினைவில் தங்குவதில்லை. மாதந்தோறும் வரும் அந்தத் தொகை இடைப்பட்ட ஆண்டுகளுக்குப் பாலமாக அமைந்தது. உறவினர் ஒருவர் அப்படி நிம்மதியாக வெளியேறியதைக் கண்டு அதே துணிச்சலோடு முடிவெடுக்கும் தனியார் நிறுவன ஊழியருக்கு அந்தப் பாலம் கிடையாது.

எதிர்முனையில் இருப்பது திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலையின் அனுபவமாகும். 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நிறுத்தப்படுவதற்கு முன்பே அங்கு ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் வெளியேறியிருந்தனர். அவர்களில் கணிசமானோர் இருபதுகளில் இருந்த இளைஞர்களும் பெண்களும் ஆவர். அது ஓய்வுமல்ல, விருப்பமுமல்ல. வேலையிழப்புக்குக் கிடைத்த இழப்பீடு மட்டுமே. முடிவெடுப்பவர் தம் நிலைமை இவ்விரண்டில் எதற்கு அருகில் இருக்கிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

அரசுப் பணியிலும் எல்லோருடைய நிலையும் ஒன்றல்ல. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள தமிழ்நாடு அரசு ஊழியர், 20 ஆண்டு தகுதியான பணிக்காலத்தை முடித்தாலோ 50 வயதை எட்டினாலோ மூன்று மாத முன்னறிவிப்புடன் விலகலாம். 30 ஆண்டுகளை நிறைவு செய்திருந்தால் கடைசி ஊதியத்தில் பாதி, ஓய்வூதியமாக உடனே தொடங்கிவிடும். மத்திய அரசில் 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவரோ, 20 ஆண்டுகளுக்குப் பிறகு விருப்ப ஓய்வில் செல்லலாம் என்றாலும், வழக்கமாக ஓய்வுபெற்றிருக்க வேண்டிய நாள் வரும்வரை ஓய்வூதியத்துக்குக் காத்திருக்க வேண்டும். ஐம்பதில் விலகுபவருக்கு அது 10 ஆண்டுக் காத்திருப்பாகும்.

தனியார் ஊழியரின் ஓய்வூதியம் எவ்வளவு?

தனியார் துறையில் இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்தவர்களில் பலர், தமக்கு மாதந்தோறும் வரப்போகும் ஓய்வூதியத்தை மிகையாக மதிப்பிட்டிருக்கிறார்கள். வருங்கால வைப்பு நிதியான பி.எஃப்.-உடன் இணைந்த 1995-ஆம் ஆண்டுத் திட்டத்தில், ஓய்வூதியத்துக்குரிய சராசரி ஊதியத்தைப் பணிக்கால ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்து ஓய்வூதியம் கணக்கிடப்படுகிறது. மாத ஊதியம் ஒரு லட்சமாக இருந்தாலும், 2014 செப்டம்பர் முதலான விதிப்படி, ₹15,000 மட்டுமே இந்தக் கணக்கில் கொள்ளப்படும்.

ஆக, 25 ஆண்டுகள் பணியாற்றியவருக்கு முழு வரம்பையும் கணக்கிட்டால்கூட மாதம் ₹5,357தான் வருகிறது; 20 ஆண்டுகளைக் கடந்தவர்களுக்குக் கூட்டித் தரப்படும் 2 ஆண்டுகளைச் சேர்த்தாலும் ₹6,000-ஐத் தொடாது. 2014 செப்டம்பருக்கு முந்தைய பணிக்காலத்துக்கு ₹6,500 என்ற பழைய வரம்பே பொருந்தும் என்பதால், உயர் ஓய்வூதிய விருப்பம் ஏற்கப்பட்ட சிலரைத் தவிர மற்றவர்களுக்கு இந்தத் தொகையும் கிடைப்பதில்லை. அந்தத் தேதிக்குப் பிறகு ₹15,000-க்கு மேற்பட்ட ஊதியத்தில் முதன்முறையாக பி.எஃப்.-இல் சேர்ந்தவர்களுக்கோ இந்த ஓய்வூதியமே கிடையாது.

இத்தொகை முழுமையாகக் கிடைக்கும் வயது 58. ஐம்பது வயதிலிருந்தே கேட்டுப் பெறலாம் என்றாலும், 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வீதம் வெட்டப்படும். 50-இல் தொடங்கினால் கால் பங்குக்கும் மேல் போய்விடும். அந்த வெட்டு 58 வயதானதும் சரிசெய்யப்படுவதில்லை என்பதும், ஆயுள் முழுவதும் தொடர்வது என்பதும் விண்ணப்பத்தில் கையெழுத்திடும் பலருக்குத் தெரிவதில்லை. மாறாக, 60 வயதுவரை பெறாமல் ஒத்திவைப்பவருக்கு ஆண்டுக்கு 4 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும்.

ஐம்பது லட்சம் எத்தனை ஆண்டுகளுக்கு?

அம்பத்தூரிலோ ஓசூரிலோ ஒரு தனியார் நிறுவனத்தில் பணிபுரியும் 52 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். பணிக்கொடை, பி.எஃப்., நிறுவனம் தரும் இழப்பீடு எல்லாம் சேர்த்து அவருக்கு ₹80 லட்சம் வருகிறது. வீட்டுக் கடன் பாக்கி, மகளின் கல்லூரிக் கட்டணம், மருத்துவத்துக்கான தனிக் கையிருப்பு ஆகியவற்றுக்கு ₹30 லட்சத்தை ஒதுக்கியபின் ₹50 லட்சம் மிஞ்சுகிறது. குடும்பத்தின் மாதச் செலவு ₹40,000. சேமிப்புக்கு 7 சதவீத வருவாய் கிடைக்கிறது. செலவோ விலைவாசியோடு ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்தப் பணம் அவருக்கு 63 வயது ஆகும்போது தீர்ந்துவிடும்.

அது தீரும் விதம்தான் ஏமாற்றக்கூடியது. முதல் ஆண்டின் இறுதியில் ₹48 லட்சத்துக்கு மேல் இருக்கும். மூன்றாம் ஆண்டின் இறுதியிலும் ஏறத்தாழ ₹44 லட்சம் இருக்கும். மூன்று ஆண்டுகளில் ₹6 லட்சம்தானே குறைந்திருக்கிறது என்று குடும்பம் ஆறுதல் கொள்ளும். மகளின் திருமணத்தைக் கொஞ்சம் தாராளமாக நடத்தலாம் என்ற எண்ணமும் அந்த நேரத்தில்தான் வரும். ஏழாம் ஆண்டின் இறுதியில் அது ₹28 லட்சமாகியிருக்கும். கடைசி மூன்று ஆண்டுகளிலோ ₹22 லட்சம் கரைந்து, கணக்கு காலியாகிவிடும். திரும்ப வேலைக்குச் செல்லும் வாய்ப்பு இருக்கும் வயதில் ஆபத்து கண்ணுக்குப் படுவதில்லை. அது தெரியவரும் வயதில் வேலை கொடுப்பார் இல்லை.

அவரே 58 வயதுவரை பணியில் தொடர்ந்து, அந்த ₹50 லட்சத்தைத் தொடாமல், பி.எஃப். உட்பட ஆண்டுக்கு ₹3 லட்சம் சேமித்தால், பணம் அவருடைய 73-ஆம் வயதுவரை நீடிக்கும். ஆறு ஆண்டுக் கூடுதல் உழைப்பு, பத்து ஆண்டுக் கூடுதல் வாழ்க்கையைத் தாங்குகிறது. இடைப்பட்ட வழியும் ஒன்று உண்டு: 52-இல் விலகினாலும், அடுத்த எட்டு ஆண்டுகளுக்கு மாதம் ₹20,000 தரும் பகுதிநேர வேலை ஒன்று கிடைத்துவிட்டால், பணம் ஏறத்தாழ 66 வயதுவரை வரும். கணக்கு எழுதுதல், பயிற்சி வகுப்பு, சிறு நிறுவனங்களுக்கு ஆலோசனை என்று சென்னை, கோவை போன்ற நகரங்களில் இத்தகைய வேலைகள் கிடைக்கவே செய்கின்றன. ஆனால் விலகுவதற்கு முன்பே பேசி முடிக்கப்பட்ட வேலையை மட்டுமே கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்தக் கணக்கில் 73 என்பதும் போதுமான வயதல்ல. இந்தியாவில் 60 வயதை எட்டிய ஒருவர் சராசரியாக மேலும் 18 ஆண்டுகள் வாழ்கிறார். பெண்கள் ஆண்களைவிடக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். கணவரைவிட ஐந்தாறு வயது இளையவராக மனைவி இருப்பது வழக்கமாக உள்ள தமிழ்க் குடும்பத்தில், பணம் நீடிக்க வேண்டிய காலத்தைக் கணவரின் ஆயுளை வைத்து அளப்பது பெரும் பிழை. ஓய்வு பற்றிய பேச்சில் மனைவியின் எண்பதாம் வயது இடம்பெறும் வீடுகள் மிகக் குறைவு.

வயது வரம்புகளில் உள்ள பொறிகள்

அஞ்சலகங்களிலும் வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 8.2 சதவீத வட்டி தருகிறது. உச்சவரம்பான ₹30 லட்சத்தை முதலீடு செய்தால் சராசரியாக மாதம் ₹20,500 வருமானம் வரும் என்பதால், ஓய்வுபெற்றோர் பலரும் முதலில் நாடுவது இதைத்தான். இதில் சேரும் பொது வயது 60. 55 வயதைக் கடந்து ஓய்வுபெற்றவர்களுக்கும், விருப்ப ஓய்வில் சென்றவர்களுக்கும் சலுகை உண்டு என்றாலும், ஓய்வுக்காலப் பலன்கள் கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் முதலீடு செய்தாக வேண்டும். எனவே 55-இல் விலகுபவருக்குத் திறக்கும் இந்தக் கதவு, 54-இல் விலகுபவருக்கு 60 வயதுவரை மூடியே கிடக்கும். ஓராண்டுப் பொறுமைக்கு இவ்வளவு பெரிய மதிப்பு இருப்பதை எந்த மனிதவளத் துறை அதிகாரியும் எடுத்துச் சொல்வதாகத் தெரியவில்லை.

பி.எஃப். தொகையை வேலையை விட்ட கையோடு எடுத்தே தீர வேண்டும் என்ற எண்ணமும் தவறானது. பங்களிப்பு நின்றுபோனாலும் அந்தக் கணக்கில் 58 வயதுவரை வட்டி சேரும். 2024-25-ஆம் ஆண்டுக்கான வட்டி வீதம் 8.25 சதவீதம். வேலையில் இல்லாத காலத்துக்குச் சேரும் வட்டி வருமான வரிக்கு உட்பட்டது என்றாலும், பெரும்பாலான வங்கி வைப்புகளைவிட அது மேலானதே. ஆகவே இடைப்பட்ட ஆண்டுகளின் செலவுக்குப் பணிக்கொடையையும் இழப்பீட்டையும் பயன்படுத்தி, பி.எஃப்.-ஐக் கடைசிவரை தொடாமல் வைத்திருப்பது பலருக்குப் பொருத்தமாக இருக்கும்.

வருமான வரியில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பணிக்கொடையில் ₹20 லட்சம் வரை வரி கிடையாது. ஆனால் விருப்ப ஓய்வு இழப்பீட்டுக்கான விலக்கு ₹5 லட்சம் மட்டுமே, அதுவும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, விதிகளுக்கு உட்பட்ட விருப்ப ஓய்வுத் திட்டம் ஒன்றின்கீழ் விலகினால் மட்டுமே. ராஜினாமா கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு, அன்பளிப்பாக ஒரு தொகை தரும் நிறுவனங்களின் ஊழியர்கள் இந்த விலக்கைக் கோருவது கடினம்.

மருத்துவச் செலவு

பணத்தைக் கவனமாகக் கணக்கிடுபவர்கள்கூட இடறும் இடம் மருத்துவக் காப்பீடாகும். நிறுவனத்தின் குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். ஐம்பத்திரண்டு வயதில், பெரும்பாலும் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ சேர்ந்துகொண்ட பிறகு, புதிதாகத் தனிநபர் பாலிசி எடுக்கப் போகிறவருக்கு, முன்பே இருந்த நோய்களுக்கான சிகிச்சைச் செலவைப் பெற மூன்று ஆண்டுகள்வரை காத்திருக்க வேண்டிய நிலை வரலாம். வருமான வரம்பின்றி ஆண்டுக்கு ₹5 லட்சம் வரை சிகிச்சை தரும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் வசதி 70 வயதைக் கடந்தவர்களுக்கே உரியது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கோ ஆண்டு வருமானம் ₹1,20,000-க்கு மிகாமல் இருக்க வேண்டும். நடுத்தரக் குடும்பம் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு, ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலத்தை இழக்காமல் மாறிக்கொள்ள விதிகள் இடமளிக்கின்றன. வேலையில் இருக்கும்போதே அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டிருப்பது சிறிய ஆறுதல்.

குறைந்த ஊதியத்தில் பணிபுரிந்து இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு ஓர் அருமையான உரிமை இருக்கிறது. குறைந்தது ஐந்து ஆண்டுகள் அதில் காப்பீடு பெற்றவராக இருந்து, வயது முதிர்விலோ விருப்ப ஓய்விலோ விலகியவர், ஆண்டுக்கு ₹120 மட்டும் செலுத்தித் தமக்கும் தம் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். மாதத்துக்குப் பத்து ரூபாய். பல ஆலைத் தொழிலாளர்கள் இதை அறியாமலேயே அட்டையைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

முன்னதாக விலகுவது சரியாக இருக்கும் சூழல்கள்

இவ்வளவும் சொன்னதால், முன்கூட்டிய ஓய்வே தவறு என்றாகிவிடாது. பேருந்து ஓட்டுநரின் முதுகெலும்பும், சாயப்பட்டறைத் தொழிலாளியின் நுரையீரலும் அட்டவணை பார்த்து ஓய்வுபெறுவதில்லை. உடல் முற்றிலும் இயலாமல் போனவருக்கு, ஒரு மாதப் பங்களிப்பு செலுத்தியிருந்தால்கூட, 1995-ஆம் ஆண்டுத் திட்டத்திலேயே வயது வரம்பில்லாத ஊனமுற்றோர் ஓய்வூதியம் உண்டு என்பதால், அத்தகையவர் வெட்டுக்கு உள்ளான முன்கூட்டிய ஓய்வூதியத்துக்கு அவசரப்பட்டு விண்ணப்பிக்கக் கூடாது. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் 30 ஆண்டுகளை முடித்த அரசு ஊழியர், விருப்பமில்லாத பணியில் இன்னும் இரண்டு ஆண்டுகளைக் கழிப்பதால் அடையும் பலன் சிறிதே. அவர் தாராளமாக விலகலாம்.

பராமரிப்புக்காக விலகுவது இன்னொரு வகை. படுத்த படுக்கையான மாமியாருக்காகவோ, மகளின் பிரசவத்துக்கும் பேரக் குழந்தைக்குமாகவோ வேலையை விடுபவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்ணே. அவருடைய ஊதியம் குறைவு என்ற காரணம் சொல்லப்படும். அவருடைய பணிக்கொடை, பி.எஃப்., ஓய்வூதியத் தகுதி ஆகியவை குறைவதை யாரும் எழுதிக் கூட்டுவதில்லை. ஒன்பது ஆண்டுப் பணியோடு ஒரு பெண் நின்றுவிட்டால், 10 ஆண்டுத் தகுதி நிறைவடையாததால் மாத ஓய்வூதியமே இல்லாமல் போகும். கூலிக்கு ஓர் உதவியாளரை அமர்த்தும் செலவையும், வேலையை விடுவதால் வாழ்நாள் முழுவதும் ஏற்படும் இழப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும்.

செய்யக்கூடியவை

முடிவெடுக்கப்போகும் குடும்பம் முதலில் ஒரு தாளில் தம்பதியின் வயதை ஆண்டுவாரியாக, மனைவியின் 85 வயதுவரை எழுதி, ஒவ்வோர் ஆண்டுக்கும் எதிரே வரவு எங்கிருந்து வரும் என்று நிரப்ப வேண்டும். 55, 58, 60, 70 ஆகிய வயதுகளுக்கு எதிரே என்னென்ன தொடங்குகின்றன என்று குறித்தாலே வெற்றிடங்கள் தெரிந்துவிடும். அடுத்ததாக, வேலையில் இருக்கும்போதே ஆறு மாதங்களுக்கு, ஓய்வுக்குப்பின் கிடைக்கும் தொகையில் மட்டும் குடும்பத்தை நடத்திப் பார்த்து, எஞ்சிய ஊதியத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைக்கலாம். அந்த ஆறு மாதங்களில் எத்தனை முறை தனிக் கணக்கில் கைவைக்க நேர்ந்தது என்பது எந்த நிதி ஆலோசகரின் அட்டவணையையும்விட நம்பகமானது. வீட்டுக் கடனையும் பிள்ளைகளின் படிப்பையும் முடிக்காமல் விலகுவது, நோய் போன்ற கட்டாயம் இல்லாத நிலையில், தவிர்க்கப்பட வேண்டியதே.

நிறுவனம் விலகச் சொல்லி வற்புறுத்தும்போது, அன்றைக்கே கையெழுத்திடாமல், இழப்பீட்டுக் கணக்கையும் அது எந்தத் திட்டத்தின்கீழ் தரப்படுகிறது என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். இழப்பீட்டில் சிறிது விட்டுக்கொடுத்தாவது குழுக் காப்பீட்டை ஓராண்டு நீட்டித்துத் தருமாறும், 55 வயதை நெருங்கியவராக இருந்தால் விலகும் தேதியை அதற்குப் பின்னால் தள்ளுமாறும் கேட்கலாம்.

அரசு செய்ய வேண்டியவையும் உண்டு. விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவிக்கும் நிறுவனங்கள் முடிவெடுக்கக் குறைந்தது 90 நாள் அவகாசம் தர வேண்டும் என்றும், ஒவ்வோர் ஊழியருக்கும் 50, 55, 58 வயதுகளில் விலகினால் கிடைக்கும் தொகைகளைத் தனித்தனியே காட்டும் அறிக்கையை வழங்க வேண்டும் என்றும் விதி வேண்டும். அதற்கான தகவல்கள் பி.எஃப். அமைப்பிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஐம்பது வயதைக் கடந்தபின் ஆட்குறைப்பில் வேலை இழந்தவர்களுக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைத் திறந்துவிட மத்திய நிதி அமைச்சகம் விதியில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். இ.எஸ்.ஐ.-இல் ₹120-க்குக் கிடைக்கும் தொடர் மருத்துவ வசதியைப் போல, அதன் ஊதிய வரம்புக்கு மேலே இருந்து ஓய்வுபெற்றவர்களும் நியாயமான சந்தா செலுத்திச் சேரும் ஏற்பாடு ஒன்றைத் தமிழ்நாட்டின் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளிலேயே சோதனை முறையில் தொடங்கலாம்.